மூணு நானூத்தி இருபது

டோக்கன் இருபத்திமூணு. உள்ளே இப்போதுதான் பதினாலாம் நம்பர் போயிருக்கிறது. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பூபதி கணக்குப் போட்டான். போட்ட கணக்கையே திரும்பவும் போட்டான், அதில் ஏதாவது தப்பு இருந்தால் காத்திருக்கிற நேரம் குறைந்துவிடாதா என்று. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கூடத்தில் நாலு வரிசை நீல நாற்காலி, ஒரு குழந்தைக்கு மூணு பெரியவர்கள் வீதம் உட்கார இடமில்லை. மனைவி பிருந்தா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, மூலையில் பச்சைத் திரை போட்டிருந்த பால் கொடுக்கிற அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது. போகும்போது பையை அவன் பக்கத்து நாற்காலியில் வைத்து, கூப்பிட்டா சொல்லுங்க என்றாள், அவ்வளவுதான். எட்டு நாளாக அவள் பேச்சு அந்த அளவில்தான் இருக்கிறது. சண்டை கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கிடையாது, கேட்டால் பதில் உண்டு, கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. அதற்குச் சண்டை போட்டிருந்தால் தேவலை. பாப்பாவை மட்டும் அவன் கையில் கொடுப்பதில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, கொடு நான் தூக்கிக்கறேன் என்று கை நீட்டினான், பரவால்லைங்க என்று அவளே இறங்கினாள், வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா பிறந்து இன்றைக்கு முப்பத்தாறாம் நாள். இன்றைக்கு எடை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பவுடர் பால், ரத்தப் பரிசோதனை, இன்னும் என்னென்னவோ. ஏறியிருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். ஆகுமா என்று உடனே இன்னொரு நினைப்பும் வந்தது.

மூணு நானூத்தி இருபது. மூணு முந்நூத்தி நாப்பது. இந்த இரண்டு எண்களும் எட்டு நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கின்றன, பல் தேய்க்கும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. பதினேழாம் நாள் மூணு கிலோ நானூத்தி இருபது கிராம் இருந்த குழந்தை இருபத்தெட்டாம் நாள் மூணு முந்நூத்தி நாப்பது. பதினோரு நாளில் எண்பது கிராம் காணோம். ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு கிராமாவது ஏறோணும், இது இறங்கியிருக்குதே என்று டாக்டர் எஸ்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார். எண்பது கிராம் என்றால் என்ன, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அந்த ஒரு கைப்பிடி தன் குழந்தையிலிருந்து எங்கே போயிருக்கும், கன்னத்திலிருந்தா, தொடையிலிருந்தா என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்குகிற பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவது என்றால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வந்தால்தான் என்று நினைத்திருந்தான். நன்றாக இருக்கிற குழந்தையை நாள் குறித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது அவனுக்குப் புதுசு. டாக்டரம்மா பாப்பாவை அம்மணமாகக் கிடத்தி, தலையைச் சுற்றி டேப் வைத்து அளப்பார், உச்சிக்குழியைத் தடவுவார், கண்ணில் டார்ச் அடிப்பார், தொப்புளைப் பார்ப்பார், இரண்டு தொடையையும் விரித்து மடக்கி இடுப்பு மூட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், உள்ளங்கையில் தன் விரலைக் கொடுப்பார், அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடைசியாகக் கொஞ்சம் தூக்கித் தலையைச் சட்டென்று தணிப்பார், பாப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பதறும். முதல் தடவை பூபதியும் கூடவே பதறி மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். பயப்படாதீங்க, பதறினாத்தான் நல்லது, பதறலைன்னாத்தான் நான் பயப்படோணும் என்று அவர் சிரித்தார். அப்புறம் கேள்விகள். எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது, வெளிக்கு என்ன நிறத்தில் போகுது, பால் குடித்துவிட்டு எத்தனை நேரம் தூங்குகிறது. எல்லாக் கேள்விக்கும் பிருந்தாதான் பதில் சொன்னாள், அவன் படிக்காமல் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். போன தடவை டாக்டரம்மா பிருந்தாவிடம், சும்மா உக்காந்திருக்கறப்ப அழுகை வருதாம்மா என்றுகூடக் கேட்டார். அவள் இல்லைங்க என்றாள். பொய். அன்றைக்குக் காலையில்கூடத் துணி மடித்துக்கொண்டே அழுததை அவன் பார்த்திருந்தான், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டிச்சாவியைத் தேடுகிற மாதிரி அப்பால் போய்விட்டான்.

மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது, எடை மட்டும் ஏன்னு எனக்குப் புரியலை என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. புரியலை என்று ஒரு டாக்டர் சொல்லலாமா. பூபதி வேலை பார்க்கிற இடத்தில் யாராவது எடை புரியவில்லை என்று சொன்னால் விடமாட்டார்கள். பைபாஸ் ரோட்டில் எடை மேடை. ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறான். லாரி மேலே ஏறி நிற்கும், இவன் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து எண் நிலைக்கிற வரைக்கும் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பான். முதலில் காலி எடை, அப்புறம் லோடு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. கேட்கிறதுக்கு ரொம்பச் சுலபம். ஆனால் அந்தக் காலி எடையில்தான் எல்லாச் சங்கதியும் இருக்கிறது. டிரைவர் இறங்காமலே எடை போட்டுவிடுவார்கள், தண்ணி டிரம் நிரம்பியிருக்கும், தார்பாய் ஒரு தடவை மேலே இருக்கும், இன்னொரு தடவை இருக்காது, மழையில் நனைந்த தார்பாய் என்றால் அது ஒரு தனிக் கதை. எத்தனையோ தடவை சேலம் பக்கத்துப் பார்ட்டிகள் சரக்கு குறையுது என்று வந்து குதித்திருக்கிறார்கள். பூபதி நிதானமாக ஒன்றே ஒன்றுதான் கேட்பான், முதல்ல எடை போட்டப்ப வண்டி மேல என்னென்ன இருந்துச்சு என்று. பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியிலேயே கோபம் அடங்கிவிடும். பூபதி அண்ணன் இருந்தா எடையில பிசகு இருக்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள், அவனுக்கும் உள்ளூர அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லாமல் இல்லை. மூணு நானூத்தி இருபது. அந்த எண்ணை அவன் செல்போனில் ஸ்டேட்டஸ் வேறு போட்டிருந்தான். எங்க வீட்டு மகாலட்சுமி, பதினேழே நாளில் மூணு நானூத்தி இருபது என்று, கூடவே பூ படம் எல்லாம் வைத்து. எடை மேடைக்கு வந்த டிரைவர்கள் எல்லாம் கேட்டார்கள். அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ரெண்டு எழுநூத்தி அறுபதுதான், பொறந்த எடையைவிடக் கொஞ்சம் குறையும், எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான், ரெண்டு வாரத்தில் திரும்பிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரும்பினது மட்டுமா, பன்னிரண்டு நாளில் அறுநூத்தி அறுபது கிராம் ஏற்றம். பரவாயில்லையே என்று டாக்டரம்மாவே புருவத்தை உயர்த்தினார். லாரி விஷயத்தில் இப்படி அளவுக்கு மீறி நன்றாக வந்த எடையை அவன் நம்பவே மாட்டான். பெற்ற குழந்தை விஷயத்தில் நம்பாமல் என்ன செய்வது, சந்தோஷப்பட்டான்.

சந்தோஷப்பட்டதுகூடப் பரவாயில்லை. அந்தச் சந்தோஷம் போனதும் வாயிலிருந்து வந்தது பார், அதுதான். போன தடவை இங்கிருந்து திரும்பினது ஆட்டோவில். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ரயில் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் அவன், உனக்குப் பால் ஊறலையாட்ட இருக்குது, எல்லாப் பொம்பளைகளுக்கும் ஊறுதே என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வருமாட்ட இருக்குது என்கிற மாதிரி சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் கோபத்தில் சொல்லிட்டேன் என்று பிறகு ஒரு வழி இருந்திருக்கும். பிருந்தா பாப்பாவின் தலைத்துண்டைச் சரி செய்தாள். ரயில் போயிற்று, கேட் திறந்தார்கள். சாயங்காலம் அவனுடைய அக்கா வசந்தாமணிக்குப் போன் போட்டான், அவள், பவுடர் பால் வாங்கிரு, நாமென்ன இல்லாதவங்களா, புள்ளைய வாட விடலாமா என்றாள். டாக்டர் இன்னும் சொல்லவில்லை, எடை ஏறாவிட்டால் பேசலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் போய் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்து சமையலறை மேடையில் வைத்தான். பிருந்தா அதை எடுத்துப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டை முழுக்கப் படித்தாள், பிரிட்ஜ் மேல் வைத்தாள். அன்றிலிருந்து டப்பா அங்கேதான் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் கண்ணில் படுகிறது. அவள் கண்ணிலும்தானே படும். அவள் இரண்டு மணிக்கொரு தரம் அலாரம் வைத்து எழுந்தாள். பூண்டுப்பால் குடித்தாள், முருங்கைக்கீரையாகத் தின்றாள். ஒரு நோட்டு போட்டு எத்தனை மணிக்குப் பால் கொடுத்தாள், எத்தனை நேரம், எத்தனை துணி நனைந்தது என்று எழுதினாள். ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தான். துணி எட்டு, துணி ஏழு, துணி ஒன்பது. தேதிக்குக் கீழே எல்லாம் குண்டு குண்டான கையெழுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் எதுவோ எழுதி அடித்திருந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பாப்பா மன்னிச்சுக்கோ என்று இருந்தது. நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

திரை விலகி பிருந்தா வந்தாள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் பால் வழிந்திருந்தது. பையை நகர்த்தாமல் பைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குடிச்சாளா என்று கேட்டான். ம் என்றாள். பதினேழாம் நம்பர் உள்ளே போயிற்று. கூடத்துக் கடைசியில், டாக்டர் அறைக்கு முன்னால், மேஜைமேல் எடை பார்க்கிற மிஷின் இருந்தது, டோக்கன் வரிசைப்படி ஒவ்வொரு குழந்தையாக அங்கே போட்டு எடை எழுதின பிறகுதான் உள்ளே அனுப்புவார்கள். மாதேஸ்வரி சிஸ்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார், போன தடவையும் அவர்தான். ஒரு தாத்தா பேரனைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே மிஷினில் வைக்கப் போனார், தலையில் கம்பளிக் குல்லாய், காலில் சாக்ஸ், கையில் கறுப்பு வளையல். மாதேஸ்வரி சிஸ்டர் கையைக் குறுக்கே நீட்டினார். எல்லாத்தையும் கழட்டுங்கய்யா, கால்ல கெடக்கற வெள்ளியும்தான், எனக்குப் புள்ளையோட எடைதான் வேணும், உங்க வீட்டுச் சீர்வரிசை எடை வேண்டாம் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூபதியும் சிரித்தான். வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே என்னவோ திக்கென்றது, என்ன என்று உடனே தெரியவில்லை. தார்பாய் என்று முதலில் தோன்றியது. என்ன தார்பாய், எதற்கு இப்போது தார்பாய். நனைந்த தார்பாய். சிரிப்பு அடங்கின பிறகும் அவன் அந்தத் தாத்தா தண்டையைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான், முறுக்குக் கழலவில்லை. முதல்ல எடை போட்டப்ப வண்டி மேல என்னென்ன இருந்துச்சு. அவன் கேட்கிற கேள்வியை அவனையே யாரோ கேட்டார்கள்.

பதினாறாம் நாள் பேர் வைத்தார்கள், தாரிகா என்று. அத்தைக்காரி முறைக்கு வசந்தாமணி அக்கா வெள்ளியில் தண்டை, காப்பு, அரைஞாண்கொடி எல்லாம் போட்டாள். நூத்தி முப்பது கிராம், கெட்டி வெள்ளி, உள்ள குடைஞ்சது கெடையாது என்று வந்திருந்த ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். மாசம் திரும்பற வரைக்கும் உடம்பை விட்டு எறக்கப்படாது என்றும் சொன்னாள். மறுநாள் செக்கப்புக்கு அக்காவும் கூட வந்தாள். பிருந்தாவுக்குத் தையல் வலி, நடக்க முடியாமல் இதே கூடத்தில் வாசல் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவைப் பூந்துண்டில் சுற்றி அவன்தான் எடை மிஷினுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்கு வேறொரு சிஸ்டர், சின்னப் பெண். கழட்டிருங்கண்ணா என்று அவள் சொன்னாள், சொல்லத்தான் செய்தாள். அவன் அக்கா முகத்தைப் பார்த்தான். நேற்றுப் போட்ட வெள்ளி, அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. இருக்கட்டும் சிஸ்டர், இன்னிக்கு ஒரு நாளைக்கு அப்படியே போடுங்க, குளிரு வேற என்று அவனே பூந்துண்டோடு, தண்டையோடு, காப்போடு, அரைஞாணோடு பாப்பாவைத் தூக்கி வைத்தான். மூணு நானூத்தி இருபது. வெளியே வந்து பிருந்தாவிடம் அந்த எண்ணைச் சொன்னபோது அவள் எப்படிச் சிரித்தாள். உள்ளே டாக்டரம்மா தண்டையைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டுதான் காலை மடக்கிப் பார்த்தார், மிஷினிலும் அது கிடந்தது என்று அவருக்கு யார் சொன்னது. இருபத்தஞ்சாம் நாள் இடுப்பில் கொடி உரசிச் சிவந்துவிட்டது என்று பிருந்தா எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டு வைத்தாள், அதற்கு அக்கா மூணு நாள் போன் பேசவில்லை. இருபத்தெட்டாம் நாள் மாதேஸ்வரி சிஸ்டர் வெறும் உடம்பில் எடை போட்டார். அடப்பாவி, என்று பூபதி மனசுக்குள் சொன்னான், தன்னைத்தான். ஊரான் லாரிக்கெல்லாம் தார்பாயைக் கழித்தவன் பெத்த பிள்ளைக்குத் தண்டையைக் கழிக்கவில்லை. வெள்ளி நூத்தி முப்பது, பூந்துண்டு ஒரு இருநூறு இருக்கும், பாப்பா இறங்கவே இல்லை, ஒரு கிராம்கூட இறங்கவில்லை, தினம் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. திரும்பி பிருந்தாவைப் பார்த்தான். அவள் பாப்பாவின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது. இங்கேயா, இத்தனை பேர் நடுவிலா. முதலில் எடை போடட்டும், ஏறியிருந்தால் அவளே சந்தோஷமாகிவிடுவாள், அப்புறம் மெதுவாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலும் விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது. அந்தச் சின்ன சிஸ்டர்கூட இப்போது இங்கே வேலையில் இல்லை. இந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, மூச்சு வந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பத்தொன்பது போயிற்று. இருபது போயிற்று. இருபத்தொண்ணாம் நம்பர் வரவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்கள்.

இருபத்திமூணு என்றதும் பிருந்தா எழுந்தாள். சட்டையை, துணியை, கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக்கூட அவளே கழற்றினாள், ஒன்றும் விடாமல் கழற்றினாள், பாப்பாவை மிஷினில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். எண் ஓடியது, பாப்பா காலை உதைத்தது, மறுபடி ஓடியது. எத்தனை ஆயிரம் தடவை எண் நிலைப்பதைப் பார்த்திருப்பான், இந்த மாதிரி ஒரு தடவையும் பார்த்ததில்லை. மூணு ஐந்நூத்தி அறுபது. மாதேஸ்வரி சிஸ்டர் பாப்பாவின் செக்கப் புத்தகத்தில் எழுதினார். பிருந்தா கண்ணை மூடித் திறந்தாள். உள்ளே டாக்டர் எஸ்தர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். எட்டு நாளில் இருநூத்தி இருபது கிராம். தலையை அளந்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய் மெதுவாக நகர்த்தினார், பாப்பாவின் கண் கூடவே நகர்ந்தது, இனிமே உங்களைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிரும் என்றார். நாப்பத்தஞ்சாம் நாள் ஊசி, தொடையில போடுவோம், வாயில சொட்டு மருந்தும் உண்டு, அன்னிக்கு ராத்திரி லேசா காய்ச்சல் வரலாம், மருந்து எழுதித் தர்றேன், பயப்பட வேண்டாம் என்றார். ரத்தப் பரிசோதனை வேண்டாம், பவுடர் பால் தேவையே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். பூபதி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அப்போதுதான் டாக்டரம்மா பிருந்தாவின் தோளைத் தட்டி, பாத்தியாம்மா, இந்த வாரம் நல்லா கவனிச்சுக் குடுத்திருக்கே, இதை முதல்லயே செஞ்சிருந்தா இத்தனை பயமே இல்லை என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பிருந்தா, சரிங்க டாக்டர், தப்புதானுங்க என்று தலையை ஆட்டினாள். சிரித்துக்கொண்டேதான் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பூபதியால் பார்க்க முடியவில்லை. இவள் இதை இத்தோடு விடமாட்டாள், பாப்பா பள்ளிக்கூடம் போய் ஒல்லியாக இருந்தால் அதற்கும் இந்தப் பதினோரு நாள்தான் காரணம் என்று நினைப்பாள், அவனிடம் சொல்லவும் மாட்டாள்.

“டாக்டர், அந்த மூணு நானூத்தி இருபது தப்புங்க” என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. டாக்டரம்மா எதைச் சொல்கிறான் என்று தெரியாமல் பார்த்தார். சொன்னான். தண்டை, காப்பு, அரைஞாண், பூந்துண்டு, கழட்டச் சொன்ன சிஸ்டரை வேண்டாம் என்று தடுத்தது, அக்கா முகம் கோணக்கூடாது என்று பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது பிருந்தா பக்கம் திரும்பவில்லை, மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னான். டாக்டரம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். வெள்ளி எத்தனை கிராம் தெரியுமா என்று கேட்டார். நூத்தி முப்பதுங்க. துண்டு? அதே துண்டு பையில் இருந்தது, பிருந்தா மடித்து வைத்திருந்தாள். மாதேஸ்வரி சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு போய் மிஷினில் போட்டுவிட்டு வந்து இருநூத்தி பத்து என்றார். டாக்டரம்மா புத்தகத்தில் மூணு நானூத்தி இருபதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் மூணு கிலோ எண்பது கிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எடை ஏறுவதைப் புள்ளி வைத்துப் படமாகப் போட்டிருந்த பக்கத்தைத் திருப்பி அந்தப் புள்ளியையும் அடித்துவிட்டுக் கீழே இன்னொரு புள்ளி வைத்தார், எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துக் கோடு இழுத்தார். கோடு எங்கேயும் மடங்காமல் மேலே போயிற்று. அதைப் பிருந்தாவின் பக்கம் திருப்பி வைத்தார். குழந்தைக்குப் பால் ஒரு நாளும் குறையலைம்மா, நான் சொன்னதை நீ மனசுல வெச்சுக்காதே, தப்பு உன்மேல இல்லை என்றார். பிறகு அவனிடம், என்ன வேலை பாக்கறீங்க என்று கேட்டார், சும்மா கேட்டாரோ என்னவோ. எடை மேடையிலங்க என்றான். மாதேஸ்வரி சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிருந்தா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவை விரலால் தடவியும் பார்த்தாள்.

வெளியே வந்தார்கள். பிருந்தா பாப்பாவோடு முன்னால் நடந்தாள். அவன் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனான். பவுடர் பால் டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா, எடுக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம், அக்காவிடம் என்ன சொல்வது, சொன்னால் வெள்ளியைத்தான் குத்தம் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வாள், எடுத்துக்கொள்ளட்டும், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததற்குப் பிருந்தாவின் முகத்தைப் பார்த்திருக்கலாம், என்று மனசு பாட்டுக்கு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் பிருந்தா நின்றாள். வெயில் படி வரைக்கும் வந்திருந்தது. அவள் அவனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நானே எம்புள்ளையப் பட்டினி போட்டுட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க.”

அழவில்லை, குரல் ஏறவும் இல்லை. ஆட்டோவில் நான் சொன்னது என்று தொடங்கினான், பாதியிலேயே விட்டுவிட்டான். தப்பு என்மேலதான் என்பதை உள்ளே டாக்டரிடம் அத்தனை நீட்டிச் சொல்லியாகிவிட்டது, இவளிடம் சொல்ல வந்தால் நாலு வார்த்தை சேரமாட்டேன் என்கிறது. “மன்னிச்சுக்க அம்மிணி” என்றான். நோட்டில் அவள் எழுதி அடித்திருந்ததும் அந்த வார்த்தைதான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் ஒரு செருப்பைக் காலால் துழாவி மாட்டினாள், இன்னொன்று யாருடையதோ பூட்ஸுக்கு அடியில் கிடந்தது, குனிந்து எடுக்கத் தையல் விடவில்லை. அவன் குனிந்து எடுத்து அவள் காலருகே வைத்தான். அவள் மாட்டிக்கொண்டாள். ஆட்டோ ஒன்று வந்து நின்று, ஏறுவார்களா என்று பார்த்துவிட்டுப் போயிற்று. பாப்பா கொட்டாவி விட்டது. பிருந்தா அவன் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள்.

“புடிங்க. கை கடுக்குது, கனமா இருக்கறா.”

வாங்கிக்கொண்டான். கனமாகத்தான் இருந்தாள்.